22 குறிகளுக்குள் அடங்காத மாவுப்பூச்சி

2020-ஆம் ஆண்டு கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. தென்னமெரிக்காவில் தோன்றி, ஆப்பிரிக்கா, தாய்லாந்து என்று பரவி வந்த பூச்சி அது. வெகு சீக்கிரத்திலேயே சேலம், நாமக்கல் மாவட்டங்களின் குச்சிக்கிழங்குக் காடுகளுக்குள் நுழைந்துவிட்டது. குருத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். கணுக்கள் நெருங்கி, நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டு, செடியின் வளர்ச்சியே நின்றுபோகும். உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்தும் சரியாக ஒட்டாது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பிப் பயிர் வைக்கும் ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு குளவியாக வந்தது. அதன் பெயர் அனகைரஸ் லோபேசி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் ஒட்டுண்ணி. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, பெங்களூரில் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் பறக்க விட்டார்கள். 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியதும் இதே குளவிதான். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற அறிவியலாளர் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

இத்தனை விவரமும் இன்று ஊரில் எங்கே கிடக்கிறது? பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில்தான். அந்த வாரம் பத்துப் பேருக்குப் பயன்பட்டிருக்கும். அடுத்த பட்டத்தில் அதே பூச்சியைப் பார்க்கிற விவசாயி அதைத் தேடி எடுக்க வழியே இல்லை. காலை வணக்கங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் அது புதைந்துபோயிருக்கும். திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர்களுக்கு நிலத்தடிப் பாறை பற்றித் தெரிந்ததும், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்குக் கோடை வெப்பம் பற்றித் தெரிந்ததும் இப்படியே வாய்வழியாக வந்து வாய்வழியாகவே போகின்றன. இவற்றைத் தேடினால் கிடைக்கிற, நாளைக்கும் இருக்கிற தமிழ்ப் பக்கங்களாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் தீவிரமான எண்ணம். அதற்கு வேண்டிய கருவி இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரியாததால், நல்ல பக்கங்கள்கூட யார் கண்ணிலும் படாமல் போகின்றன.

அந்தக் கருவிக்கு உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று பெயர். இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பு. 50 பக்கம் உள்ள தளத்தில் தொலைபேசி எண் மாறினால், 50 கோப்பையும் திறந்து திருத்த வேண்டும். அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்ததுதான் இந்த அமைப்பு. எழுதிய செய்தியை ஓரிடத்திலும், அது கண்ணுக்குத் தெரிய வேண்டிய தோற்றத்தை வேறோர் இடத்திலும் பிரித்து வைப்பதே இதன் அடிப்படை. இளம்பிள்ளைப் பக்கம் சேலைத் தறியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பூவேலையின் கணக்கு ஜக்கார்டு அட்டையின் துளைகளில் இருக்கிறது. நிறம் நூலில் இருக்கிறது. நூலை மாற்றினால் அதே பூ வேறு நிறத்தில் வரும், அட்டையை மாற்றினால் அதே நூலில் வேறு பூ வரும்.

உலகில் இப்போது அதிகம் புழங்குவது வேர்ட்பிரஸ். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர், கைவிடப்பட்ட ஒரு பழைய மென்பொருளை எடுத்துத் திருத்தி 2003 மே 27 அன்று வெளியிட்டார்கள். இன்று உலகின் இணையதளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு அதில்தான் ஓடுகின்றன. அரசும் இந்த வழியில்தான் போகிறது. சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்களின் தளங்கள் தேசிய தகவலியல் மையம் அமைத்த எஸ்3வாஸ் என்ற பொதுச் சட்டகத்தில் நிற்பவை. நாட்டின் மற்ற மாவட்டத் தளங்களும் அதே சாயலில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோற்றம் பொது, செய்தி அந்தந்த மாவட்டத்தினுடையது. கலெக்டர் அலுவலகத்தில் ஓர் அறிவிப்பை ஏற்றுகிறவருக்குத் தளத்தை வடிவமைக்கும் வேலை கிடையாது.

சரி, ஒரு விவசாயி வேர்ட்பிரஸில் நுழைந்து புதிய பதிவு ஒன்றைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஒட்டுண்ணி. தலைப்பை அடித்து உள்ளே நாலு வரி எழுதுவதற்குள்ளேயே, தரவுத்தளத்தின் அட்டவணை ஒன்றில் அவருக்கென்று ஒரு வரிசை திறந்துவிடுகிறது. தலைப்புக்கு ஒரு கட்டம், உடலுக்கு ஒரு கட்டம், எழுதியவருக்கு, தேதிக்கு, முகவரிக்கு என்று தனித்தனிக் கட்டங்கள். ‘நிலை’ என்றும் ஒரு கட்டம் உண்டு. அதில் இப்போதைக்கு ‘வரைவு’ என்று பதிவாகியிருக்கும். எழுத எழுத அது தானாகவே சேமித்துக்கொள்ளும், திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களையும் தனி வரிசைகளாக வைத்திருக்கும். கரண்ட் போனாலும் எழுதியதில் பெரும்பகுதி மிஞ்சும்.

எல்லாம் முடிந்து ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்தும்போது உண்மையில் நடப்பது மிகச் சிறிய காரியம். கட்டுரை எங்கும் அனுப்பப்படுவதில்லை, புதிய கோப்பு எதுவும் உருவாவதில்லை. நிலை என்ற கட்டத்தில் இருந்த சொல் ‘வரைவு’ என்பதிலிருந்து ‘வெளியானது’ என்று மாறுகிறது, தேதி பதிவாகிறது. அவ்வளவுதான். பக்கம் என்று நாம் திரையில் காண்பது அதற்குப் பிறகு, ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒருவர் அதைத் திறக்கும் நொடியில் தயாராகிறது. அவருடைய கைப்பேசி கேட்கிறது. தளத்தை வைத்திருக்கும் கணினியான வழங்கி, தரவுத்தளத்தில் அந்த வரிசையைத் தேடி எடுக்கிறது, தோற்றத்தை வகுத்து வைத்திருக்கும் வார்ப்புருவில் பொருத்துகிறது, மேலே தளத்தின் பெயரையும் கீழே தொடர்பு முகவரியையும் சேர்த்து ஒரே பக்கமாகக் கட்டி அனுப்புகிறது.

ஒவ்வொரு வாசகருக்கும் புதிதாகக் கட்டினால் வழங்கி திணறும் என்பதால், ஒருமுறை கட்டிய பக்கத்தைச் சிறிது நேரம் எடுத்து வைத்து, அடுத்து வருகிறவர்களுக்கு அதையே கொடுக்கும் ஏற்பாடு பல தளங்களில் உண்டு. மருந்தின் அளவைத் தவறாக எழுதிவிட்டு உடனே திருத்திய பிறகும் வாசகர்களுக்குப் பழைய அளவே தெரிவது இதனால்தான். திருத்தினால் மட்டும் போதாது. அப்படி எடுத்து வைத்த பக்கங்களின் தேக்கத்தையும் காலிசெய்ய வேண்டும். பயிர் மருந்து போன்ற விஷயங்களில் இதை அலட்சியமாக விடக் கூடாது.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று வேறு சில சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

முதலாவது பழைய எழுத்துருக்கள். சேலத்தில் எந்த டிடிபி சென்டருக்குப் போனாலும் நோட்டீஸும் அழைப்பிதழும் இன்னும் பாமினி, வானவில் வகை எழுத்துருக்களில் ஓடுவதைப் பார்க்கலாம். அந்த எழுத்துருக்கள் கணினியை ஏமாற்றுகிறவை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமிப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச். அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பதால் நமக்கு அம்மா என்று தெரிகிறது. அதை அப்படியே நகலெடுத்து இணையப் பக்கத்தில் ஒட்டினால் எழுத்துரு கூட வராது. எம், கே, அரைப்புள்ளி மட்டும் வந்து நிற்கும். தேடுபொறிக்கும் அது அம்மா இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோட் எனப்படும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பழைய கோப்புகளிலிருந்து ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. உரையை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு ஒட்டுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் நம் 247 எழுத்தும் தனித்தனியாக இல்லை. உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் இருக்கின்றன. கால், கொம்பு, புள்ளி போன்றவை தனிக் குறிகள். ‘ள்’ என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ‘ள’ ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறி. ‘மரவள்ளி’ நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு குறி. சேமிக்கும்போது இவை யூடிஎஃப்-8 என்ற முறையில் பைட்டுகளாக மாறுகின்றன. 1992-இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்த முறை அது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் அதில் ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக, மரவள்ளிக்கு 21 பைட்.

இதைத் தெரிந்துகொண்டால் பலரைப் பயமுறுத்தும் ஒரு காட்சிக்கு விளக்கம் கிடைத்துவிடும். பழைய தளம் ஒன்றை வேறு வழங்கிக்கு மாற்றியதும், தமிழ் எழுத்துகள் எல்லாம் போய், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடி கோடு போட்ட ஏ என்று பக்கம் முழுக்கக் கிறுக்கலாக வரும். எழுதியது எல்லாம் அழிந்துவிட்டது என்று கைவிட்டவர்கள் பலர். உண்மையில் எதுவும் அழிந்திருக்காது. தமிழ்க் குறி எதை எடுத்தாலும் அதன் முதல் பைட் ஒன்றேதான்; இரண்டாம் பைட் இரண்டில் ஒன்று; மூன்றாவதுதான் குறிக்குக் குறி மாறுகிறது. இந்தப் பைட்டுகளை மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்காமல், மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் படித்தால், அந்த முதல் பைட் கோடு போட்ட ஏ-வாகவும், இரண்டாவது பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர் ஆகவும் தெரியும். அதனால்தான் தமிழ்க் கிறுக்கல் எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. பைட்டுகள் பத்திரமாக இருக்கும்வரை, தரவுத்தள இணைப்பின் குறியாக்கத்தைச் சரியாக அமைத்தால் கட்டுரை முழுசாகத் திரும்பி வரும்.

மூன்று பைட்டோடு நிற்காத தமிழும் உண்டு. உழக்கு, குறுணி, பதக்கு போன்ற பழைய அளவைகளுக்கும், முந்திரி, காணி, மா போன்ற பின்னங்களுக்குமான குறிகள் 2019-இல்தான் ஒருங்குறியில் ஏறின. அவை தனி வரிசையில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் பழைய யூடிஎஃப்-8 ஏற்பாடோ மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. நான்கு பைட் வகை அங்கே 2010-இல் வந்தது. வேர்ட்பிரஸ் அதற்கு மாறியது 2015-இல். பழைய அமைப்பில் ஊர்க் கோயில் நிலக்கணக்கை எழுதுகிறவர் காணிக் குறியை இட்டால், அந்த இடத்தோடு கட்டுரையே அறுந்துபோகும். நாட்டுக் கணக்கு, கல்வெட்டு என்று எழுத நினைக்கிறவர்கள் இந்த ஒன்றை முதலிலேயே சோதித்துக்கொள்வது நல்லது.

இப்போது முகவரிக்கு வருவோம். தலைப்பை அடித்ததும் வேர்ட்பிரஸ் தானாகவே பக்கத்துக்கு ஒரு முகவரி தயாரிக்கிறது. இடைவெளி இருந்த இடத்தில் சிறு கோடு போட்டுத் தலைப்பையே முகவரியாக்குகிறது. இணைய முகவரியில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே செல்லும் என்பது பழைய விதி. ஆகவே தமிழின் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் அதைத் தொடர்ந்து இரண்டு எழுத்துமாக மாற்றி எழுதப்படுகிறது. ஒரு பைட்டுக்கு மூன்று இடம், ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம். உலாவியின் பட்டையில் அழகான தமிழாகத் தெரிகிற முகவரி, வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளின் நீண்ட ரயிலாக மாறுவது இதனால்தான். ‘நாமக்கல்’ என்ற ஒரு சொல்லே 72 இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தரவுத்தளத்தில் முகவரிக்கான கட்டத்தின் நீளம் 200 இடம்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது தாராளம். தமிழுக்கு, 200-ஐ ஒன்பதால் வகுத்தால், 22 குறி. நம் விவசாயியின் தலைப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரவள்ளி ஏழு குறி, 63 இடம், இடைவெளி ஒன்று, மீதி 136 இடத்தில் 15 குறிதான் அடங்கும். ‘மாவுப்பூச்சிக்கு’ என்பதற்கு 16 குறி வேண்டும். ஆக, முகவரி ‘மரவள்ளி-மாவுப்பூச்சிக்க’ என்று உகரம் இழந்து நிற்கும். ஒட்டுண்ணி என்ற சொல், அதாவது கட்டுரையின் உயிர், முகவரிக்குள் வரவே வராது. ‘மரவள்ளி மாவுப்பூச்சிக்கு மருந்து’ என்று அவரே இன்னொரு கட்டுரை எழுதினால் அதுவும் இதே இடத்தில் அறுபடும். வேர்ட்பிரஸ் அதன் வாலில் 2 என்று ஒட்டி வேறுபடுத்தும்.

இது யாரும் தமிழுக்கு எதிராகச் செய்த சதி இல்லை. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று நினைத்து வைத்த அளவு, அவ்வளவே. ஆனாலும் அதன் சுமை நம் தலையில் விழுகிறது என்பதால் நாம்தான் பார்த்து நடக்க வேண்டும். முகவரிக் கட்டத்தில் நாமே சுருக்கமாக எழுதிவிடலாம்: ‘மாவுப்பூச்சி-குளவி’ என்றால் 17 குறியும் ஒரு கோடும்தான், தாராளமாக அடங்கும். அல்லது எழுத்தாளர் ஜெயமோகனின் தளத்தில் இருப்பதுபோல் ஒவ்வொரு பதிவுக்கும் வெறும் எண்ணையே முகவரியாக வைக்கலாம். ஆயிரக்கணக்கில் எழுதுகிறவர்களுக்கு அது வசதி. ஊர்ப் பக்கங்களுக்கு நான் சுருக்கமான தமிழ் முகவரியையே பரிந்துரைப்பேன். இணைப்பைத் திறக்குமுன்பே என்ன என்று உலாவியில் தெரியும்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கைப்பேசியில் எடுத்த பெரிய படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதிலிருந்து சிறியதும் பெரியதுமாகப் பல அளவுகளைத் தானே செய்து வைத்துக்கொண்டு, வாசகரின் திரைக்கு ஏற்றதை அனுப்பும். படத்துக்கு ஒரு மாற்று உரை எழுதச் சொல்லும் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிப்பது அதைத்தான். ‘படம் 1’ என்று எழுதாமல் ‘மாவுப்பூச்சி தாக்கிச் சுருண்ட மரவள்ளிக் குருத்து’ என்று எழுதினால் தேடுபொறிக்கும் விளங்கும்.

தேடல் என்றதும் குறிச்சொற்களைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தின் துண்டறிக்கையில் மரவள்ளி என்று இருக்கும், காட்டில் நிற்கிறவர் குச்சிக்கிழங்கு என்றுதான் தேடுவார். இரண்டையும் குறிச்சொல்லாகச் சேர்த்தால் இருவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர்வார்கள். இன்னொன்று: தளம் அமைக்கும்போது ‘தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம்’ என்ற பெட்டியில் ஒரு டிக் போட்டுவிட்டு, பிறகு எடுக்க மறந்துவிடுவது மிகச் சாதாரணம். எழுதி ஆறு மாதம் ஆகியும் கூகுளில் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

நேரம் குறித்து வெளியிடும் வசதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலையைத் தினமும் காலை ஆறு மணிக்குத் தம் தளத்தில் போட ஒருவர் நினைக்கிறார். முந்தைய இரவே எழுதி நேரத்தைக் குறித்துவிடுகிறார். தளத்தின் நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்றவில்லை என்றால் பதிவு வெளியாவது பகல் பதினொன்றரைக்கு. கிரீன்விச்சுக்கும் நமக்கும் உள்ள ஐந்தரை மணி நேர வித்தியாசம். நேர மண்டலம் சரியாக இருந்தாலும், வேர்ட்பிரஸுக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதில்லை. யாராவது தளத்துக்கு வரும்போதுதான், ‘வெளியிட வேண்டியது ஏதாவது இருக்கிறதா’ என்று பார்க்கும். ஆள் நடமாட்டம் இல்லாத தளத்தில் ஆறு மணிப் பதிவு முதல் வாசகருக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

விலையை உரைக்குள் ஒரு வாக்கியமாக எழுதாமல் தனிப்புலம் என்ற தனிக் கட்டம் ஒன்றில் எண்ணாக இடுவது இன்னும் நல்லது. வாக்கியத்துக்குள் கிடக்கும் எண்ணை மனிதர்தான் படிக்க முடியும். தனிப்புலத்தில் இருந்தால் ஒரு வருட விலையை வரைபடமாகவும் மாதச் சராசரியாகவும் மாற்றிக் காட்டுவது எளிது.

வெளியிட்ட பிறகு முகவரியை மாற்றலாமா என்று பலர் தயங்குகிறார்கள். உகரம் அறுந்த அந்த ‘மாவுப்பூச்சிக்க’ முகவரி நூறு குழுக்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். பதிவாக எழுதியிருந்தால் தைரியமாக மாற்றலாம். வேர்ட்பிரஸ் பழைய முகவரியை அழிப்பதில்லை. அந்தப் பதிவோடு சேர்த்து ஒரு துணை அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்கிறது. பழைய இணைப்பைத் தொட்டு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அதுவே திருப்பிவிடும். ‘பக்கம்’ என்ற வகையில் எழுதியவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றுக்குத் திருப்பிவிடும் விதியை நாம்தான் எழுத வேண்டும். ஆகவே தொடர்பு, அறிமுகம் போன்ற நிலையானவற்றைப் பக்கமாகவும், மாவுப்பூச்சி போல் பருவத்துக்குப் பருவம் திருத்தி எழுத வேண்டியவற்றைப் பதிவாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.